கணக்கில் சேராத ஆட்டம்: ஆல்-ஸ்டார் என்றால் என்ன, அங்கே யார் யாரோடு சேர்கிறார்கள்?

1934 பிப்ரவரி 14, இரவு. கனடாவின் டொராண்டோ நகரில் மேப்பிள் லீஃப் கார்டன்ஸ் அரங்கம். ஐஸ் ஹாக்கி ஆட்டம் ஒன்று தொடங்கப்போகிறது. பனித்தளத்தின் நடுவே சறுக்குக் காலணி இல்லாமல், மேல்கோட்டோடு ஒருவர் நிற்கிறார். பெயர் ஏஸ் பெய்லி. டொராண்டோ மேப்பிள் லீஃப்ஸ் அணியின் வீரர். வீரராக இருந்தவர் என்பதுதான் சரி. இரண்டு மாதத்துக்கு முன்பு, 1933 டிசம்பர் 12 அன்று, பாஸ்டனில் நடந்த ஆட்டத்தில் எதிரணியின் எடி ஷோர் பின்னாலிருந்து வந்து மோதியதில் பெய்லியின் தலை பனியில் அடித்து மண்டையோடு உடைந்தது. பிழைப்பதே சந்தேகம் என்றார்கள் மருத்துவர்கள். எப்படியோ பிழைத்தார், ஆனால் இனி ஆட முடியாது. அவருக்கு நிதி திரட்டத்தான் அன்றைய ஆட்டம். ஒரு பக்கம் அவருடைய பழைய அணி. எதிரே, லீக்கின் மற்ற அணிகளிலிருந்து பொறுக்கியெடுத்த சிறந்த வீரர்கள். அந்தச் சிறந்தவர்களில் எடி ஷோரும் ஒருவர்.

ஆட்டத்துக்கு முன் வீரர்கள் ஒவ்வொருவராகப் பெய்லியிடம் வந்து ஜெர்சியை வாங்கிக்கொண்டு போனார்கள். ஷோரின் முறை வந்தது. அரங்கம் மூச்சை அடக்கிக்கொண்டது. பெய்லி கையை நீட்டினார், ஷோர் பற்றிக்கொண்டார். கூட்டம் ஆர்ப்பரித்தது. அன்று டொராண்டோ 7-3 என்று வென்றது. அந்த ஸ்கோர் இன்று எத்தனை பேருக்குத் தெரியும்? கைகுலுக்கலைத்தான் இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

ஆல்-ஸ்டார் ஆட்டம் என்றால் என்ன என்று யாராவது கேட்டால் நான் இந்தக் கதையிலிருந்துதான் தொடங்குவேன். அமெரிக்காவிலும் கனடாவிலும் உள்ள தொழில்முறை லீக்குகள் ஆண்டுதோறும் நடத்தும் இந்தக் காட்சி ஆட்டத்தின் குணம் முழுக்க அதில் இருக்கிறது: ஸ்கோருக்கு மதிப்பில்லை, யார் யார் பக்கத்தில் நிற்கிறார்கள் என்பதற்குத்தான் மதிப்பு.

அடிப்படை எளிது. ஒரு லீக்கில் முப்பது அணிகள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். சீசனின் நடுவில் எல்லாரும் சில நாள் ஆட்டத்தை நிறுத்துகிறார்கள். அந்த இடைவெளியில், முப்பது அணிகளிலிருந்தும் அந்த ஆண்டு நன்றாக ஆடுபவர்களை எடுத்து, பெரும்பாலும் இரண்டு அணிகளாகப் பிரித்து ஓர் ஆட்டம் ஆடவைக்கிறார்கள். பேஸ்பாலில் இது ஜூலை நடுவில் வரும். என்பிஏ கூடைப்பந்தில் பிப்ரவரியில். வெற்றியோ தோல்வியோ, புள்ளிப் பட்டியலில் ஒரு கோடுகூட மாறாது. மறுநாள் எல்லாரும் அவரவர் அணிக்குத் திரும்பி, பழையபடி ஒருவரோடு ஒருவர் மோதிக்கொள்வார்கள்.

ஆரம்பம் எது என்பதில் ஒவ்வொரு விளையாட்டுக்கும் ஒரு கதை. பேஸ்பாலில் முறைப்படியான முதல் ஆல்-ஸ்டார் ஆட்டம் 1933 ஜூலை 6 அன்று சிகாகோவின் கொமிஸ்கி பார்க்கில் நடந்தது. அப்போது அந்நகரில் உலகக் கண்காட்சி நடந்துகொண்டிருந்தது. அதையொட்டி ஒரே ஒருமுறை நடத்திப் பார்ப்போம் என்று 'சிகாகோ ட்ரிப்யூன்' நாளிதழின் விளையாட்டு ஆசிரியர் ஆர்ச் வார்ட் யோசனை சொன்னார். அன்று முதல் ஹோம் ரன் (பந்தை மைதான எல்லைக்கு வெளியே அடிப்பது) அடித்தவர் 38 வயது பேப் ரூத். ஒருமுறை என்றது ஆண்டுதோறும் ஆகிவிட்டது. என்பிஏ தன் முதல் ஆல்-ஸ்டார் ஆட்டத்தை 1951 மார்ச் 2 அன்று பாஸ்டனில் நடத்தியது. கல்லூரிக் கூடைப்பந்தில் சூதாட்ட ஊழல் வெடித்து விளையாட்டின் பெயரே கெட்டுப்போயிருந்த நேரம் அது. நல்ல பெயர் எடுக்க ஏதாவது செய்ய வேண்டியிருந்தது.

ஆனால் இவற்றுக்கெல்லாம் முன்பே 1911இல் ஒரு சம்பவம் உண்டு. கிளீவ்லாந்து அணியின் பந்துவீச்சாளர் ஆடி ஜாஸ் 31 வயதில் மூளைக்காய்ச்சலில் இறந்துபோனார். அவர் குடும்பத்துக்காக ஜூலை 24 அன்று கிளீவ்லாந்து அணி, மற்ற அணிகளின் நட்சத்திரங்களோடு ஆடியது. சுமார் 13,000 டாலர் திரண்டது. அன்றைய குழுப் புகைப்படத்தில் டெட்ராய்ட் அணியின் டை காப் கிளீவ்லாந்தின் சீருடையில் நிற்கிறார். எதிரணிகள் எல்லாம் வெறுத்த மனிதர் அவர். ஒரு மரணம் அவரை வேற்றணிச் சீருடையில் கொண்டுவந்து நிறுத்தியிருந்தது.

இதற்கும் 1934இன் டொராண்டோவுக்கும் ஓர் ஒற்றுமை உண்டு. இரண்டுமே யாரோ ஒருவருக்கு உதவ நடந்தவை, இரண்டிலுமே எதிரிகள் ஒன்றாக நின்றார்கள். லீக்குகள் பின்னால் இதை டிக்கெட்டும் தொலைக்காட்சி உரிமையுமாக மாற்றின. அதில் தவறொன்றும் இல்லை. ஆனால் வேர் அங்கேதான் இருக்கிறது.

இப்போது பிரிவைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும். பிரிவு புரியாமல் மறுசந்திப்பு புரியாது.

இந்த லீக்குகளில் ஒரு வீரர் ஓர் அணியை விட்டுப் போவதற்கு முக்கியமாக இரண்டு வழிகள். ஒன்று ட்ரேட்: அணி நிர்வாகம் அவரை இன்னோர் அணிக்குக் கொடுத்துவிட்டு, பதிலுக்கு வேறு வீரரையோ, வருங்காலத்தில் இளம் வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் உரிமையையோ, சில வேளை பணத்தையோ வாங்கிக்கொள்ளும். பெரும்பாலும் வீரரின் சம்மதம் தேவையில்லை. காலையில் பயிற்சிக்கு வந்தவர் மாலையில் வேறு ஊருக்கு விமானம் ஏறலாம். பேஸ்பாலில் பத்து ஆண்டு ஆடி, அதில் கடைசி ஐந்தை ஒரே அணியில் கழித்தவருக்கு மட்டும் 'மாட்டேன்' என்று சொல்லும் உரிமை உண்டு. மற்றவர்கள் ஒப்பந்தத்தில் தனியாக எழுதி வாங்கினால்தான்.

இன்னொன்று ஃப்ரீ ஏஜென்சி: ஒப்பந்தம் முடிந்த பிறகு வீரர் தன் விருப்பப்படி அணியைத் தேர்ந்தெடுப்பது. இது சும்மா கிடைத்ததல்ல. ஒருகாலத்தில் பேஸ்பால் வீரர் ஒரு கிளப்போடு ஒப்பந்தம் போட்டால் ஆயுளுக்கும் அந்தக் கிளப்பின் சொத்து. 1969இல் தன்னை பிலடெல்பியாவுக்கு ட்ரேட் செய்ததை ஏற்காமல் கர்ட் ஃப்ளட் என்ற வீரர் அடுத்த ஆண்டு வழக்குப் போட்டார். 1972இல் உச்ச நீதிமன்றத்தில் தோற்றார். 1975 டிசம்பரில், ஒப்பந்தத் தகராறுகளைத் தீர்க்கும் நடுவர் ஒருவரின் தீர்ப்புதான் அந்தப் பூட்டை உடைத்தது.

இந்த இரண்டு வழிகளும் இரண்டு விதமான மனக்கசப்பைத் தருகின்றன. ட்ரேட் ஆனவருக்கு நிர்வாகத்தின் மேல் கோபம். தானாகப் போனவர் மேல் ரசிகருக்கும் பழைய தோழருக்கும் கோபம். சீசன் முழுக்க அவர்கள் சந்தித்தால் எதிரெதிரேதான். ஒரே பக்கத்தில் நிற்க வாய்ப்பு, ஏறக்குறைய ஆல்-ஸ்டார் ஆட்டம் மட்டும்தான்.

இதற்கு நான் அறிந்த மிகச் சிறந்த உதாரணம் வெய்ன் கிரெட்ஸ்கி. ஐஸ் ஹாக்கி பார்க்காதவர்களும் கேள்விப்பட்டிருக்கக்கூடிய பெயர். கனடாவின் எட்மன்டன் ஆயிலர்ஸ் அணிக்கு 1984, 85, 87, 88 என்று நான்கு ஸ்டான்லி கோப்பைகள் (லீக்கின் பட்டம்) வென்று தந்தவர். நான்காவது கோப்பையை வென்ற சில மாதத்திலேயே, 1988 ஆகஸ்ட் 9 அன்று, உரிமையாளர் பீட்டர் பாக்லிங்டன் அவரை லாஸ் ஏஞ்சல்ஸ் கிங்ஸுக்கு விற்றார். விற்றார் என்றே சொல்லலாம். பதிலுக்கு வந்தவற்றில் வீரர்களும் தேர்வு உரிமைகளும் போக ஒன்றரைக் கோடி அமெரிக்க டாலர் ரொக்கமும் இருந்தது. பத்திரிகையாளர் சந்திப்பில் கிரெட்ஸ்கி பேச முடியாமல் அழுதார். அரசாங்கம் தலையிட்டு இதைத் தடுக்க வேண்டும் என்று ஒரு நாடாளுமன்ற உறுப்பினரே கேட்டார். கனடாவில் ஹாக்கி என்றால் அப்படி.

ஆறு மாதம் கழித்து, 1989 பிப்ரவரி 7 அன்று, ஆல்-ஸ்டார் ஆட்டம் எங்கே நடக்க வேண்டும்? எட்மன்டனில். நடக்கும் ஊர் முன்பே முடிவாகிவிடும், யாரும் திட்டமிட்டதல்ல. லாஸ் ஏஞ்சல்ஸும் எட்மன்டனும் லீக்கின் ஒரே பாதியில் இருந்ததால், கிரெட்ஸ்கியும் அவருடைய பழைய தோழர்களும் அன்று ஒரே அணி. பயிற்சியாளர் அவருடைய பழைய பயிற்சியாளர் க்ளென் சாதர். பக்கத்தில் ஆடியவர், பல ஆண்டு அவர் தள்ளிவிட்ட பந்துகளையெல்லாம் கோலாக்கிய ஃபின்லாந்துக்காரர் யாரி குர்ரி. (ஹாக்கியில் பந்து இல்லை, ரப்பர் வட்டு, பக் என்பார்கள். பழக்கதோஷத்தில் பந்து என்றுவிட்டேன்.) அவர்கள் பக்கம் 9-5 என்று வென்றது. ஆட்ட நாயகன் கிரெட்ஸ்கி.

ஊருக்கு ஒரு கனவை இரண்டரை மணி நேரம் திருப்பிக் கொடுத்ததுபோல. ஆனால் கதை அங்கே நிற்கவில்லை. இரண்டே மாதத்தில், ஏப்ரலில், பிளேஆஃப் எனப்படும், பட்டத்துக்கான வெளியேற்றுச் சுற்றுகளின் முதல் சுற்றில் இரு அணிகளும் மோதின. 3-1 என்று பின்தங்கியிருந்த லாஸ் ஏஞ்சல்ஸ் கடைசி மூன்று ஆட்டங்களையும் வென்று எட்மன்டனை வெளியேற்றியது. நடத்திக்காட்டியவர், பிப்ரவரியில் அதே ஊர் கொண்டாடிய அதே ஆள். ஆல்-ஸ்டார் சமாதானத்துக்கு ஆயுள் ஒரு நாள்தான்.

கூடைப்பந்தில் இதற்கு ஈடான கதை ஷகீல் ஓ'நீலும் கோபி பிரையன்ட்டும். லாஸ் ஏஞ்சல்ஸ் லேக்கர்ஸ் அணியில் இருவரும் சேர்ந்து 2000, 2001, 2002 என்று தொடர்ந்து மூன்று பட்டங்கள் வென்றார்கள். ஒரே உறையில் இரண்டு கத்தி எத்தனை நாள் இருக்கும்? 2004இல் ஷகீலை மயாமிக்கு அனுப்பிவிட்டார்கள். பிறகு சில ஆண்டுகள் இருவரும் ஒருவரையொருவர் குத்திப் பேசுவதும் பத்திரிகைகள் அதை ஊதிவிடுவதும் நடந்தது. 2008 ஜூனில், கோபியின் அணி இறுதிப் போட்டியில் தோற்ற கொஞ்ச நாளில், ஒரு நியூயார்க் இரவு விடுதி மேடையில் ஷகீல் கோபியைக் கேலி செய்து ராப் பாடினார். அது காணொளியாகப் பரவியது.

எட்டு மாதம் கழித்து 2009 பிப்ரவரி 15, ஃபீனிக்ஸ் நகரம். ஷகீல் அதற்குள் மயாமியிலிருந்து ஃபீனிக்ஸ் அணிக்கு வந்திருந்தார். அதனால் மறுபடியும் மேற்குப் பிரிவு, மறுபடியும் கோபியின் பக்கம். இதைக் கவனியுங்கள். என்பிஏ கிழக்கு, மேற்கு என்று இரண்டாகப் பிரிந்திருக்கிறது. ஆல்-ஸ்டார் ஆட்டமும் பல காலம் கிழக்குக்கும் மேற்குக்கும் இடையேதான். ஷகீல் மயாமியிலேயே இருந்திருந்தால் கோபிக்கு எதிரேதான் நின்றிருப்பார். யார் யாரோடு மீண்டும் சேர்வார்கள் என்பதை வரைபடம் முடிவுசெய்தது. போதாததற்கு மேற்கு அணியின் பயிற்சியாளர், அந்த மூன்று பட்டங்களின்போதும் இருவரையும் மேய்த்த ஃபில் ஜாக்சன்.

அன்று ஷகீல் வெள்ளை முகமூடி அணிந்து, முகமூடி நடனக் குழுவோடு ஆடிக்கொண்டே அறிமுகமானார். ஏழடி உயரம், நூற்றைம்பது கிலோவை ஒட்டிய உடம்பு, அப்படி ஒரு நடனம். மேற்கு 146-119 என்று வென்றது. கோபி 27 புள்ளி, ஷகீல் 17. ஆட்ட நாயகன் விருதை இருவருக்கும் சேர்த்தே கொடுத்தார்கள். ஒரே கோப்பையைப் பிடித்துக்கொண்டு இருவரும் சிரித்த அந்தப் படத்தைப் பார்த்தபோது, இது ஏற்பாடு செய்த சமாதானமா, நிஜமா என்று எனக்கும் சந்தேகம் வந்தது. கொஞ்சம் ஏற்பாடு, நிறைய நிஜம் என்று இப்போது நினைக்கிறேன்.

2017இல் வேறொரு ரகம். கெவின் டுரன்ட்டும் ரஸல் வெஸ்ட்புரூக்கும் எட்டு ஆண்டுகள் ஓக்லஹோமா சிட்டியில் ஒன்றாக ஆடியவர்கள். 2016 ஜூலையில் டுரன்ட் ஃப்ரீ ஏஜென்ட்டாகி, தங்களை அந்த ஆண்டு பிளேஆஃபில் தோற்கடித்த அதே கோல்டன் ஸ்டேட் அணிக்குப் போனார். வெஸ்ட்புரூக் பேசுவதை நிறுத்திக்கொண்டார். நியூ ஆர்லியன்ஸில் நடந்த ஆல்-ஸ்டாரில் இருவரும் மேற்கு அணி. பயிற்சியாளர் கோல்டன் ஸ்டேட்டின் ஸ்டீவ் கெர். அவர் இருவரையும் சேர்த்து ஆடவிட்டது மிகக் கொஞ்ச நேரம்தான். அதற்குள் ஒரு காட்சி: வெஸ்ட்புரூக் பந்தை டுரன்ட்டிடம் கொடுத்துவிட்டு வளையத்தை நோக்கி ஓட, டுரன்ட் அதை உயரே தூக்கிப் போட, வெஸ்ட்புரூக் அந்தரத்தில் பிடித்து உள்ளே திணித்தார். பெஞ்சில் இருந்த நட்சத்திரங்கள் கல்யாண வீட்டுப் பிள்ளைகள்போலக் குதித்தார்கள். எட்டு ஆண்டுப் பழக்கம் உடம்பில் இருந்து அழிவதில்லை. வாய் பேசாவிட்டாலும் கை பேசிவிட்டது.

2018 முதல் 2023 வரை என்பிஏ ஒரு மாற்றம் செய்தது. கிழக்கு மேற்கு எல்லாம் வேண்டாம், ஒவ்வொரு பிரிவிலும் அதிக வாக்கு வாங்கியவர் கேப்டன், அந்த இருவருமே மாறி மாறி ஆட்களைத் தேர்ந்தெடுக்கட்டும் என்று. தெருவில் பிள்ளைகள் ஆள் பிரிப்பதுபோலத்தான். இதனால் மறுசந்திப்பின் பொருளே மாறியது. அதற்கு முன் வரைபடம் சேர்த்துவைத்தது, இப்போது ஒருவர் விரும்பி அழைக்க வேண்டும். முதல் ஆண்டு கேப்டனான லெப்ரான் ஜேம்ஸ், கைரி அர்விங்கைத் தேர்ந்தெடுத்தார். லெப்ரானின் நிழலில் இருக்க விருப்பமில்லாமல் ட்ரேட் கேட்டு வாங்கிக்கொண்டு அதற்கு முந்தைய கோடையில் பாஸ்டனுக்குப் போனவர் அர்விங். டுரன்ட்டையும் வெஸ்ட்புரூக்கையும்கூட லெப்ரான் தன் பக்கமே எடுத்தார்.

அடுத்த ஆண்டு இந்தத் தேர்வைத் தொலைக்காட்சியில் நேரடியாகக் காட்டினார்கள். அப்போது நியூ ஆர்லியன்ஸை விட்டுப் போக வேண்டும் என்று அந்தோனி டேவிஸ் வெளிப்படையாகக் கேட்டிருந்தார். லெப்ரானோ லேக்கர்ஸ் வீரர். அவர் டேவிஸின் பெயரைச் சொன்னதும் எதிர்க் கேப்டன் யானிஸ் அன்டெட்டொகூன்போ, இது டாம்பரிங் இல்லையா என்று கேட்டுச் சிரிக்கவைத்தார். இன்னோர் அணியோடு ஒப்பந்தத்தில் இருக்கும் வீரரை ஆசைகாட்டி இழுப்பதற்குத்தான் அந்தப் பெயர்; லீக்கில் அது தண்டனைக்குரிய குற்றம். ஐந்து மாதத்தில் டேவிஸ் லேக்கர்ஸுக்கே வந்துசேர்ந்தார். ஆக, ஆல்-ஸ்டார் பழைய உறவுகள் கூடும் இடம் மட்டுமல்ல, வரப்போகும் உறவுகளின் பெண் பார்க்கும் படலமும்கூட.

சரி, யார் ஆடுவது என்று யார் முடிவுசெய்கிறார்கள்? தொடக்க வீரர்களைத் தேர்ந்தெடுப்பதில் ரசிகர் வாக்குக்குப் பெரிய பங்கு. மாற்று வீரர்களைப் பயிற்சியாளர்களோ சக வீரர்களோ தேர்ந்தெடுப்பார்கள். பேஸ்பாலில் ஒவ்வோர் அணியிலிருந்தும் குறைந்தது ஒருவராவது இருக்க வேண்டும் என்று விதி.

ரசிகர்களை நம்பினால் விபரீதமும் நடக்கும். 1957இல் பேஸ்பாலில் சின்சினாட்டி ரசிகர்கள் பெட்டி பெட்டியாக வாக்குப் போட்டு, எட்டுத் தொடக்க இடங்களில் ஏழைத் தங்கள் அணிக்கே வாங்கிவிட்டார்கள். ஆணையர் ஃபோர்ட் ஃபிரிக் இருவரை நீக்கி வில்லி மேஸையும் ஹாங்க் ஆரனையும் சேர்த்தார். ரசிகர்களிடமிருந்து வாக்குரிமையே பறிபோய், 1970இல்தான் திரும்பக் கிடைத்தது. என்பிஏவில் 2016இல் ஜார்ஜியா நாட்டைச் சேர்ந்த சாசா பசூலியா என்ற சாதாரண வீரர், இணையப் பிரசாரத்தின் புண்ணியத்தில் தொடக்க வீரராகும் தறுவாய்க்கு வந்துவிட்டார். அடுத்த ஆண்டே ரசிகர் வாக்கின் எடையைப் பாதியாக்கி, மீதியை வீரர்களுக்கும் பத்திரிகையாளர்களுக்கும் பிரித்தார்கள்.

ஆனால் அதே ரசிகர் வாக்குதான் 1992இல் கூடைப்பந்து நட்சத்திரம் மேஜிக் ஜான்சனைத் திரும்பக் கொண்டுவந்தது. 1991 நவம்பரில் தனக்கு ஹெச்ஐவி தொற்று இருப்பதாக அறிவித்துவிட்டு ஓய்வுபெற்றவர் அவர். அந்த சீசனில் ஓர் ஆட்டமும் ஆடவில்லை. தொடுவதற்கே உலகம் பயந்த காலம். சில வீரர்களுக்கும் தயக்கம் இருந்தது. ரசிகர்கள் வாக்களித்தார்கள். ஆர்லாண்டோவில் 25 புள்ளி எடுத்து ஆட்ட நாயகன் ஆனார். கடைசியாக அவர் தூரத்திலிருந்து ஒரு மூன்று புள்ளிப் பந்தைப் போட்டதும் இரு அணி வீரர்களும் ஓடிவந்து கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். மிச்சமிருந்த சில நொடிகள் ஆடப்படவே இல்லை. ஒரு நிஜ ஆட்டத்தில் இதை அனுமதிக்க முடியுமா?

ஜான் ஸ்காட் கதையும் வாக்கில் தொடங்கியதுதான், ஆனால் கேலி வாக்கு. ஹாக்கியில் அடிதடிக்கென்றே சில வீரர்களை வைத்திருப்பார்கள். ஸ்காட் அந்த வகை. ஆறடி எட்டங்குலம், வாழ்நாள் கோல்கள் ஐந்து. 2016இல் இணையத்தில் சிலர் விளையாட்டாகத் தொடங்கிய பிரசாரத்தில் அவர் பசிஃபிக் பிரிவு அணியின் கேப்டனாகத் தேர்வாகிவிட்டார். விலகிக்கொள் என்று மேலிடத்திலிருந்து சொல்லிப்பார்த்தார்கள். பிறகு திடீரென்று அரிசோனா அணி அவரை ட்ரேட் செய்தது. மான்ட்ரியால் அவரை வாங்கிய கையோடு கனடாவின் கிழக்குக் கோடியில் உள்ள சிறு லீக் அணிக்கு அனுப்பியது. அவர் மனைவி அப்போது இரட்டைக் குழந்தைகளைச் சுமந்துகொண்டிருந்தார். பெரிய லீக்கிலேயே இல்லாத ஒருவர், இனித் தனக்குச் சம்பந்தமே இல்லாத பிரிவுக்குக் கேப்டன்! எதிர்ப்பு எழுந்தது, ஆடவிட்டார்கள். நாஷ்வில்லில் இரண்டு கோல் அடித்தார். ஆட்ட நாயகன் விருதுக்கான வாக்குப் பட்டியலில் அவர் பெயர் இல்லை. ரசிகர்கள் தாங்களே எழுதிப் போட்டு வெல்லவைத்தார்கள். சக நட்சத்திரங்கள் அவரைத் தோளில் தூக்கினார்கள். நூற்றைம்பது பவுண்டு ஆளல்ல அவர். தூக்கியவர்களின் முகத்தில் அது தெரிந்தது.

இந்த ஆட்டங்களின் மீதுள்ள நிரந்தரப் புகார், யாரும் முனைப்பாக ஆடுவதில்லை என்பது. உண்மைதான். காரணமும் நியாயமானது: காயம்பட்டால் அணிக்கும் நஷ்டம், ஒப்பந்தத்துக்கும் ஆபத்து. முனைப்பாக ஆடினால் என்ன ஆகும் என்பதற்கு 1970இல் சின்சினாட்டியில் பேஸ்பால் ஆல்-ஸ்டாரில் நடந்ததைச் சொல்வார்கள். 12ஆவது இன்னிங்ஸில் (பேஸ்பாலில் ஓர் ஆட்டத்துக்கே பல இன்னிங்ஸ்) வெற்றி ரன்னுக்காகப் பீட் ரோஸ், மட்டையாளருக்குப் பின்னால் பந்து பிடிக்கும் கேட்ச்சர் ரே ஃபோஸி மீது முழு வேகத்தில் மோதினார். ஃபோஸியின் தோள்பட்டை உடைந்தது. அதற்குப் பிறகு அவர் ஆட்டம் பழையபடி வரவில்லை. முந்தின இரவு இருவரும் ரோஸின் வீட்டில் ஒன்றாக இருந்தவர்கள்.

மறுகோடியும் அசிங்கமானது. 2002இல் மில்வாக்கியில் இரு அணிகளிடமும் பந்துவீச ஆள் தீர்ந்துபோய், 11 இன்னிங்ஸுக்குப் பிறகு 7-7 சமன் என்று ஆட்டத்தை நிறுத்தினார்கள். கூட்டம் கூச்சலிட்டது. அதைச் சரிக்கட்ட 2003 முதல் 2016 வரை, வெல்லும் பக்கத்துக்கு இறுதித் தொடரில் சொந்த மைதான அனுகூலம் என்று ஒரு பரிசை ஒட்டவைத்தார்கள். காட்சி ஆட்டத்தின் முடிவை நிஜ ஆட்டத்தில் கலப்பது எனக்கு ஒருபோதும் சரியாகப் படவில்லை. அவர்களும் பிறகு கைவிட்டார்கள். இப்போது சமனானால் ஹோம் ரன் அடிக்கும் போட்டி. 2025இல் அட்லான்டாவில் முதன்முறை அது நடந்தது: கைல் ஷ்வார்பர் மூன்று வீச்சில் மூன்று ஹோம் ரன் அடித்துத் தன் பக்கத்துக்கு வெற்றி தேடித்தந்தார். அமெரிக்கக் கால்பந்து லீக் தன் ஆல்-ஸ்டாரை 2023இல் மோதலே இல்லாத, இடுப்புக் கொடியை உருவும் ஆட்டமாக மாற்றிவிட்டது. என்பிஏவில் 2024இல் ஸ்கோர் 211-186. தடுப்பாட்டம் என்று ஒன்று இருப்பதையே மறந்துவிட்ட ஆட்டம் அது. ஹாக்கி 2025இல் ஆல்-ஸ்டாரைத் தள்ளிவைத்துவிட்டு நான்கு நாடுகளின் போட்டி நடத்தியது. அது நிஜமாகவே அனல் பறந்தது. ஆனால் அதில் கட்டித்தழுவல்கள் இல்லை, அடிதடிதான்.

முதன்முறை ஆல்-ஸ்டார் ஆட்டம் பார்க்க உட்காருகிறவர் ஸ்கோரை ஓரமாக வைத்துவிடலாம். வீரர் பட்டியலைப் பார்த்து, கடந்த ஓரிரு ஆண்டில் அணி மாறியவர்கள் யார் என்று தேடுங்கள். அவர்களின் பழைய தோழர் அதே பக்கத்தில் இருக்கிறாரா? பயிற்சியாளர் யார்? அறிமுகத்தின்போது யார் யாரிடம் நேராகப் போகிறார், யார் பார்க்காததுபோல நடக்கிறார்? பெஞ்சில் யார் பக்கத்தில் யார்? அதோடு, எந்த ஊரில் நடக்கிறது என்பதையும் பாருங்கள். வீரருக்கும் வீரருக்கும் போலவே வீரருக்கும் ஊருக்கும் இடையேயும் மறுசந்திப்பு உண்டு.

ஹாங்க் ஆரன் முதன்முதலாக ஆல்-ஸ்டார் ஆட்டத்தில் இறங்கியது 1955இல், மில்வாக்கி கவுன்ட்டி ஸ்டேடியத்தில். அப்போது அவருக்கு 21 வயது, மில்வாக்கி பிரேவ்ஸ் அணி, சொந்த மைதானம். 1966இல் பிரேவ்ஸ் அணி மூட்டை கட்டிக்கொண்டு அட்லான்டாவுக்குப் போய்விட்டது, ஆரனும் போனார். ஊர் வெறிச்சோடியது. 1974 ஏப்ரலில் அட்லான்டாவில் 715ஆவது ஹோம் ரன்னை அடித்து பேப் ரூத்தின் சாதனையை முறியடித்தார். அந்த ஆண்டு முடிவில் பிரேவ்ஸ் அவரை ட்ரேட் செய்தது. எங்கே? மில்வாக்கிக்கு. புதிதாக வந்திருந்த ப்ரூவர்ஸ் அணிக்கு. பேஸ்பாலின் இரண்டு லீக்குகளில் எதிர் லீக்கின் அணி அது; ஆல்-ஸ்டார் ஆட்டம் அந்த இரண்டுக்கும் இடையேதான். 1975 ஜூலையில் ஆல்-ஸ்டார் ஆட்டம் அதே கவுன்ட்டி ஸ்டேடியத்துக்கு வந்தது. 41 வயது ஆரன், இருபது ஆண்டாக எந்தப் பக்கத்துக்காக ஆடினாரோ அதற்கு எதிர்ப் பக்கத்தின் வீரராக, மாற்று ஆட்டக்காரராக மட்டையை எடுத்துக்கொண்டு வந்தார். அடித்த பந்து நேராகத் தடுப்பாட்டக்காரரின் கைக்குப் போனது. அவுட். அது அவருடைய கடைசி ஆல்-ஸ்டார் ஆட்டம்.